அரபு எழுத்தில் "பராபரமே": வாப்பாவின் கொப்பியும் என் கேள்வியும்

பனிமூட்டம், பண்டாரவளை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் கழிந்த பிறகு கடையை ஒதுக்கினோம். தோட்டத்துப் பாதை வளைவில் இருக்கிற சின்னப் பலசரக்குக் கடைதான். மேசை லாச்சியின் அடியில், பழைய பில் கட்டுகளுக்குக் கீழே ஒரு சீ.ஆர். கொப்பி கிடந்தது. முன்பக்கம் முழுக்கக் கடன் கணக்கு. யாருக்கு எத்தனை கிலோ மா, எத்தனை போத்தல் மண்ணெண்ணெய் என்று. கொப்பியைத் திருப்பிப் பின்பக்கமாகத் திறந்தால் வலமிருந்து இடமாக அரபு எழுத்து. ஏதோ துஆவோ ராத்திபோ என்று நினைத்து எழுத்துக்கூட்டினேன். பொருள் தெரியாமல் ஓதுவது நமக்குப் பழக்கம்தானே.

"ஃப... ரா... ஃப... ர... மே."

இது என்ன அரபு? ஃபே எழுத்தின் கீழே வேண்டாத ஒரு புள்ளி வேறு. கையெழுத்துப் பிழை என்றுதான் நினைத்தேன். திரும்பவும் உரக்க வாசித்தேன். குசினியில் இருந்த உம்மா அத்தனை நாளைக்கும் முதல்தடவையாகச் சிரித்தார். "ஃபராஃபரமே இல்லடா, பராபரமே. அது தமிழ். குணங்குடியார் பாட்டு."

எனக்கு 34 வயது. தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகம், பழைய பேச்சில் சொன்னால் கணக்கப்பிள்ளை. சம்பளம் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜனாஸா முடிந்ததிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது. எதற்காக இதெல்லாம் என்று ஒரு கேள்வி. கூட்டாளிமார் பாரசீக சூஃபிக் கவிஞர் ரூமியின் வாசகம் அனுப்புகிறார்கள், பூப்படத்தோடு. வாசிக்கும்போது நன்றாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் மறந்துபோகிறது.

கேட்கவந்தது இதுதான். இந்த ஞானப் பாட்டுகள் உண்மையிலேயே வாழ்வதற்கு ஏதாவது சொல்கின்றனவா, இல்லை காதுக்கு இனிமை மட்டும்தானா? பகிடி இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

மாத்தளை நானா

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. வாப்பாவுக்கு அல்லாஹ் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும்.

முதலில் அந்தக் கொப்பியைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பண்டாரவளைக் குளிருக்கும் ஈரத்துக்கும் மை ஊறிவிடும். நீங்கள் பார்த்தது அரபுத் தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிக்கெல்லாம் புள்ளி கூட்டி எழுத்துச் செய்துகொண்டார்கள். அரபியில் 'ப' கிடையாது. அதனால்தான் ஃபேயின் கீழே அந்தப் புள்ளி. நீங்கள் பிழை என்று நினைத்ததுதான் சரியான எழுத்து. எங்கள் உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் இந்த எழுத்தில் மாலைப் பாட்டு, கிஸ்ஸா என்கிற கதைப் பாட்டு எல்லாம் கடகடவென்று வாசிப்பார்.

குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்தவர். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். மாமன் மகளைக் கட்டிவைக்கப் பார்த்தார்கள், வேண்டாம் என்று துறவு பூண்டு மலை, காடு என்று திரிந்தார். கடைசிக் காலம் சென்னையில். 1838இல் மறைந்தார். மஸ்த் என்றால் பாரசீகத்தில் போதை, மயக்கம். ஊர் அவரை மஸ்தான் என்றது, அதுவே பெயராக நிலைத்தது. அவருக்கு இந்து மாணாக்கரும் இருந்தார்கள். சரவணப்பெருமாள் ஐயர் அவர்மேல் நான்மணிமாலை பாடியிருக்கிறார்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: இந்தப் பாட்டு ஒன்றும் சொல்லாது. பாடினால் ஏதோ நடக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஊவாக் காற்று, பதுளை

நானா சொன்னது அருமை. காயத்தின் வழியாகத்தான் வெளிச்சம் நுழைகிறது என்று ரூமி சொல்லியிருக்கிறாரே தம்பி, மனதைத் தளர விடாதீர்கள். 🌹

அக்குறணை ராத்தா

வந்துவிட்டதா அந்த வெளிச்சம்! கோபிக்காதீர்கள் தம்பி, நான் இருபது வருடமாக இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். ரூமி பெயரில் சுற்றுகிற வாசகங்களில் எது அவருடையது, எது இன்னொருவர் கைச்சரக்கு என்று பிரிப்பதற்கே ஒரு ஆயுள் வேண்டும்.

ரூமி 1207இல் பிறந்து 1273இல் கொன்யாவில் மறைந்தவர். மதரசாவில் ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்டம், படிப்பித்த ஆலிம். தொழுகையை விட்டவர் இல்லை, குர்ஆனை விட்டவர் இல்லை. அவருடைய பெரிய நூல் மஸ்னவி ஆறு பாகம், சுமார் 25,000 ஈரடிகள். திறந்தவுடனே நாணல் புல்லாங்குழல் அழுகிறது, என்னை நாணற்காட்டிலிருந்து வெட்டி எடுத்துவிட்டார்களே என்று. அதிலிருந்து கிளம்பி ஆயத்து, ஹதீஸ், கழுதைக் கதை, கடைத்தெருக் கதை, கெட்ட வார்த்தைக் கதைகூட வரும். அதில் ஒரு வரியைப் பிய்த்து ரோசாப்பூவில் ஒட்டினால் எங்கே நிற்கும்?

இன்று உலகம் வாசிக்கிற இங்கிலீஷ் ரூமி பெரும்பாலும் கோல்மன் பார்க்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞருடையது. அவருக்குப் பாரசீகம் தெரியாது. நிக்கல்சன், ஆர்பெரி போன்றவர்கள் செய்த பழைய மொழிபெயர்ப்பை வைத்துப் புதுக்கவிதை ஆக்கினார். 1995இல் வந்த தொகுப்பு அமோகமாக விற்றது. இஸ்லாத்தை உருவிவிட்டுக் காதலை மட்டும் வைத்துக்கொண்டார் என்ற பழியும் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் பாருங்கள், அந்த பார்க்ஸ் குரு என்று போய் உட்கார்ந்தது யாரிடம்? நம்முடைய பாவா முகையத்தீனிடம். யாழ்ப்பாணத்தில் ஆச்சிரமம் வைத்திருந்து, 1971இல் பிலடெல்பியா போய், 1986இல் அங்கேயே மறைந்த அதே பாவா. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பார்கள். பேசியது, பாடியது எல்லாம் தமிழில். அமெரிக்கப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கேட்பார்கள், பக்கத்தில் ஒருவர் இங்கிலீஷில் சொல்லுவார். அமெரிக்காக்காரன் ரூமிக்கு வழி கேட்டு ஒரு தமிழ்க்காரரிடம் வந்திருக்கிறான். நாம் அந்த அமெரிக்காக்காரனின் ரூமியை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஊவாக் காற்று, பதுளை

ராத்தா, பூவை எடுத்துவிட்டேன். 😅

நேர்வழி, மாவனல்லை

தம்பிக்கு என் அனுதாபம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் அது அமானிதத்துக்குத் துரோகம்.

வாழ்க்கையின் நோக்கத்தைக் குர்ஆன் தெளிவாகச் சொல்லிவிட்டது, வணங்குவதற்காகவே படைத்தோம் என்று. அதற்கு மேல் பாட்டு எதற்கு? பராபரம், மனோன்மணி என்று குணங்குடியார் இறைவனுக்குப் பெயர் வைத்தது எந்த நபிவழி? அதுவும் மனோன்மணி என்றால் பெண். அல்லாஹ்வைப் பெண்ணாகப் பாடுவதா? இந்த வாசலால் போனவர்கள் கடைசியில் கபுறடியில் விளக்கேற்றுவதில்தான் போய் நிற்கிறார்கள். வாப்பாவுக்குத் துஆ கேளுங்கள். அவர் பெயரில் சதக்கா கொடுங்கள். அவருக்கு அது பாட்டைவிட உதவும்.

மாத்தளை நானா

துஆவும் சதக்காவும் பற்றி நீங்கள் சொன்னது நூறு வீதம் சரி. மற்றதற்கு வருகிறேன்.

மனோன்மணி விஷயம் எனக்கும் இளவயதில் உறுத்தியது. தமிழில் பக்திப் பாட்டு என்றால் பாடுகிறவர் பெண், இறைவன் ஆண். ஆழ்வார்கள், நாயன்மார்களிடம் பார்க்கலாம். ஆணாகப் பிறந்தவர்களே நாயகியாகிப் பாடுவார்கள். பாரசீகப் பழக்கம் வேறு. அங்கே லைலாவைத் தேடி மஜ்னூன் அலைகிறான், தேடுகிறவன்தான் ஆண். மஸ்தானார் தமிழில் எழுதிக்கொண்டே அந்தப் பக்கத்து வழக்கத்தை எடுத்தார். பெயரை மட்டும் சித்தர்களிடமிருந்து வாங்கினார். அல்லாஹ் பெண் என்று அவர் சொல்லவில்லை. தனக்கு எட்டாத ஒன்றுக்காக ஒரு மனிதன் எப்படி ஏங்குவான் என்று காட்ட நமக்குத் தெரிந்த ஏக்கம் அது ஒன்றுதானே.

"அதற்கு மேல் பாட்டு எதற்கு" என்கிறீர்கள். இமாம் கஸ்ஸாலியை நீங்களும் மதிப்பீர்கள். பக்தாதின் நிஜாமிய்யா மதரசாவில் அவருக்கு மேல் ஆசிரியர் இல்லை. நோக்கம் என்ன என்று கேட்டால் ஆயிரம் ஆதாரம் அடுக்கக்கூடியவர். 1095இல் ஒருநாள் வகுப்பில் வாய் திறக்க முடியவில்லை. நாக்கு எழவில்லை, சோறு இறங்கவில்லை. வைத்தியர்கள் கைவிட்டார்கள். பதவியை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனார். மறுபடி வகுப்பெடுக்க வந்தது 1106இல். தெரியாததால் வந்த நோய் இல்லை அது. தெரிந்தது தொண்டைக்குக் கீழே இறங்காததால் வந்தது. தம்பிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வருவதும் அதன் சின்னத் தம்பி என்று நினைக்கிறேன்.

நேர்வழி, மாவனல்லை

கஸ்ஸாலியை மறுக்கவில்லை. அந்த அலைச்சல் காலத்தில் அவர் இஹ்யா என்று கிதாபு எழுதினார், ஒழுக்கத்தைச் சொன்னார். தாளம் போடச் சொல்லவில்லை. கபுறு விஷயத்தில் என் பேச்சு மாறாது.

ஹட்டன் வாத்தியார்

வணக்கம். நான் இந்து, இடையில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். பராபரமே என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

தாயுமானவரின் பராபரக் கண்ணியை எங்கள் லயத்துக் கோயிலில் திருவெம்பாவைக் காலத்தில் ஒரு தாத்தா பாடுவார். அதே பெயரில், அதே "பராபரமே" முடிப்பில் குணங்குடியாரும் பாடியிருப்பது எனக்குக் கம்பஸ் போன பிறகுதான் தெரிந்தது. 18ஆம் நூற்றாண்டுக்காரரின் மெட்டை 19ஆம் நூற்றாண்டுக்காரர் எடுத்துப் பாடியிருக்கிறார், யாரும் கோபித்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது சூஃபிகள் சொல்கிற ஃபனா என்கிற எண்ணம். நான் என்பது அழிவது. எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தேயிலைக் கவ்வாத்தைத்தான் காட்டுவேன். நாலைந்து வருடத்துக்கு ஒருதடவை தேயிலையை அடியோடு வெட்டிவிடுகிறார்கள். மலையே மொட்டையாக, செத்த மாதிரி நிற்கும். இரண்டு மூன்று மாதத்தில் பாருங்கள், கொழுந்து! வெட்டாத செடி மரமாகிவிடும், ஒருவருக்கும் உதவாது. மனிதனும் அப்படித்தான்.

பொகவந்தலாவப் பொடியன்

சேர், உங்களிடம் நான் படிக்கவில்லை, படித்திருந்தால் அன்றைக்கே எழும்பிக் கேட்டிருப்பேன். வெட்டுப்படுவதில் செடிக்கு என்ன விருப்பம்? கொழுந்து யாருக்குப் போகிறது?

எங்கள் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். அட்டை கடிக்கும், படங்கு நனைந்து கனக்கும். 'நான்' என்று ஒன்று இருந்தால்தானே அழிப்பதற்கு? 1948இல் சட்டம் போட்டுப் பிரஜாவுரிமையையே பிடுங்கினார்கள். அதுவும் ஃபனாவா? நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று வருடக்கணக்கில் ரோட்டில் நின்று 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. அப்போது யாராவது 'பொறுமை, எல்லாம் அவன் செயல்' என்று பாடியிருந்தால் தொரைமாருக்கு எவ்வளவு சௌகரியம்!

பண்டாரவளை அண்ணனைக் குறை சொல்லவில்லை. வாப்பா போன துக்கம் எனக்கும் தெரியும், எங்கள் அப்பா போனபோது எனக்குப் பதினொரு வயது. ஆனால் ஞானம், துறவு என்று வரும்போது ஏற்கனவே ஒன்றும் இல்லாதவனை நினைத்துப் பேசுங்கள்.

அக்குறணை ராத்தா

தம்பி, இதை யாராவது கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். பசியையும் துறவையும் ஒன்றாக்கிப் பேசுகிற பயான்களைக் கேட்டு எனக்கும் எரிச்சல் வந்ததுண்டு. இல்லாமை வேறு, வேண்டாமை வேறு. மஸ்தானாருக்கு விட்டுப்போக வீடு இருந்தது.

ஆனாலும் சூஃபிப் பெண்மணி ராபியா இருக்கிறார். 8ஆம் நூற்றாண்டு, பஸ்ரா. அவரை அடிமையாக விற்றார்கள் என்றுதான் பிற்காலத்துக் கதைகள் சொல்கின்றன. பகலெல்லாம் எசமான் வீட்டு வேலை, ராத்திரி வணக்கம். ஒருநாள் ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் வாளித் தண்ணீருமாகத் தெருவில் ஓடினாராம். சுவர்க்கத்தைக் கொளுத்தப் போகிறேன், நரகத்தை அணைக்கப் போகிறேன், இனியாவது கூலிக்கும் பயத்துக்கும் இல்லாமல் அவனுக்காகவே வணங்குவார்கள் என்றாராம். கதைதான். ஆனால் கூலியைப் பற்றி ஒரு அடிமைப் பெண் பேசிய கதை. அவர் பொறுமை சொல்லவில்லை. எசமானுக்கும் எனக்கும் நடுவே இருப்பது மட்டும்தான் கணக்கு, எனக்கும் அவனுக்கும் நடுவே கணக்கே கிடையாது என்கிறார். அப்படிச் சொல்கிறவளை எசமான் முழுதாக வாங்க முடியாது.

உங்கள் அம்மாவுக்கு இது ஆயிரம் ரூபாவுக்குப் பதில் என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரமும் வேண்டும்.

பொகவந்தலாவப் பொடியன்

சரி ராத்தா, அந்தத் தீப்பந்தம் பிடித்திருக்கிறது. தண்ணீர் வாளிதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பனிமூட்டம், பண்டாரவளை

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக வாசிக்கிறேன், பதில் எழுதக் கை வரவில்லை.

ஹட்டன் சேர், கவ்வாத்து என் தொழில், அதனால் ஒரு சின்னத் திருத்தம். எந்த மலையையும் அப்படியே போய் வெட்டுவதில்லை. முதலில் சில செடியின் வேரை எடுத்து வெட்டி அயடின் விட்டுப் பார்ப்போம். கருநீலமாக மாறினால் வேரில் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் வெட்டக்கூடாது. கொழுந்து எடுப்பதை நிறுத்தி அந்த மலையைக் கொஞ்சக் காலம் சும்மா விடவேண்டும். மீறி வெட்டினால் செடி தளிர்க்காது, காய்ந்துபோகும். வெட்டும்போதும் சில இடங்களில் ஓரத்துக் கிளை ஒன்றிரண்டை விட்டுவைப்போம், செடி மூச்சுவிட.

பொடியன் தம்பி கேட்டதை இதோடு சேர்த்து யோசித்துக்கொண்டே இன்றைக்கு மலை ஏறினேன். எனக்கு இப்போது கவ்வாத்து வேண்டாம். சும்மா விடுகிற காலம்தான் வேண்டும் போல.

இன்னொன்று. அந்தக் கொப்பியின் கணக்குப் பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். கட்டி முடிந்த கடனுக்கு வாப்பா குறுக்கே கோடு போடுவார். கோடு போடாத பெயர் நாற்பதுக்கு மேல் இருக்கிறது. சிலர் தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள், சிலர் மௌத்து. தொகையைக் கூட்டிப் பார்க்கத் தோன்றியது. கூட்டவில்லை.

மாத்தளை நானா

கூட்டாதீர்கள்.

அப்புறம், உங்கள் பக்கத்து ஆட்கள் ஜெய்லானிக்குப் போவார்கள். பலாங்கொடைக்கு அந்தப் பக்கம், கூரகலைப் பாறை. சூஃபிப் பெரியார் முகியத்தீன் அப்துல் காதிர் ஜீலானி வந்து தவமிருந்த குகை என்று நம்பிக்கை. வாப்பா போனவரா என்று உம்மாவிடம் கேளுங்கள். போகச் சொல்லவில்லை, நேர்வழி என்னை அடிக்க வருவார். கேட்கத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கொடியேற்றத்துக்குப் போனவர்கள் அங்கேதான் பாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கொப்பியைப் பார்த்து மற்றவர் எழுதுவார்.

நம் மலையிலும் பாடியவர் உண்டு. தெல்தோட்டை போப்பிட்டியில் 1866இல் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர். அடுத்த வருடம் அதே பக்கத்தில் லூல்கந்துரயில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். டெய்லரை எல்லோருக்கும் தெரியும், புலவரை யாருக்குத் தெரியும்? கண்டிக் கலம்பகம், சந்தத் திருப்புகழ் எல்லாம் அவருடையது. 1918இல் மறைந்தார். கண்டிக்காரர் சித்திலெப்பையை நாவல் எழுதியவர், பத்திரிகை நடத்தியவர் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். மறைவதற்கு முந்தின வருடம், 1897இல், அவர் எழுதிய அஸ்றாறுல் ஆலம் முழுக்க மெய்ஞ்ஞானம். அதை ஒருவரும் சொல்வதில்லை. உங்கள் கொப்பியில் குணங்குடியார் மட்டும்தான் இருக்கிறாரா, நம் ஆட்களும் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஹட்டன் வாத்தியார்

அயடின் விஷயம் எனக்குத் தெரியாது தம்பி. பதினைந்து வருடமாகப் பிள்ளைகளிடம் பாதி உதாரணத்தைத்தான் சொல்லியிருக்கிறேன். பொகவந்தலாவத் தம்பி சொன்னதும் மனதில் கிடக்கிறது.

பனிமூட்டம், பண்டாரவளை

நேற்று இரவு உம்மாவிடம் கேட்டேன். ஜெய்லானிக்கு வாப்பா கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு தடவை போயிருக்கிறாராம். பாட்டு அங்கே பிடித்ததா என்று தெரியாதாம். கடை பூட்டிய பிறகு, மழை நாளில் கரண்ட் போனால் பாடுவாராம். எனக்குத் தெரிந்து நான் கேட்டதே இல்லை. நான் ஹொஸ்டலில் இருந்த வருடங்களாக இருக்கும்.

கொப்பியை உம்மாவின் மடியில் வைத்தேன். கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது என்றார். கண்ணாடி கொண்டுவந்ததும் வாசிக்கவில்லை, கொப்பியை மூடி வைத்துக்கொண்டு பாடினார். மெல்லிய குரல், நடுவே இருமல். ஒவ்வொரு கண்ணியிலும் "பராபரமே" வரும் இடத்தில் விரலால் கொப்பி மட்டையில் ஒரு தட்டு. ஐந்தாவது கண்ணியில் நிறுத்தி, "மிச்சம் வாப்பாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழும்பிப் போனார்.

இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆறாவது கண்ணியை எழுத்துக்கூட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு சொல்லில் மை ஊறியிருக்கிறது. மேலே புள்ளியா கீழே புள்ளியா தெரியவில்லை. படம் போட்டிருக்கிறேன், யாருக்காவது புரிகிறதா?

நேர்வழி, மாவனல்லை

போன் வெளிச்சத்தில் எடுத்த படம், நிழல் விழுந்திருக்கிறது. காலை வெயிலில், தாளைச் சாய்த்துப் பிடித்துத் திரும்ப எடுத்துப் போடுங்கள். எனக்குத் தெரிகிற அளவில் கீழே ஒரு புள்ளி இருக்கிறது, அதனால் ப. அடுத்த எழுத்து றேயா ஸேயா என்பதுதான் சந்தேகம். இடப்பக்கத்து வரியையும் சேர்த்து எடுங்கள், அவர் றே எழுதுகிற கையைப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.